மூக்குப்பொத்தி நாருக்கு இன்னொரு பெயர்

அன்பு மனைவிக்கு,

உன் கணவன் எழுதுவது. இங்கே நானும் நம் மகள் வாலும் சுகம். நீ சுகமா என்று கேட்கும் வேலையை உங்கள் பட்டறை வேன் டிரைவர் எனக்கு மிச்சம் வைக்கவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கினதும் இறங்காததுமாக, "அக்கா அங்க ரொம்ப நல்லா இருக்காங்க, முகமே தெளிஞ்சுபோச்சு" என்றார். சந்தோஷம். இங்கே இருந்தபோது உன் முகத்தில் என்ன கலங்கிக் கிடந்தது என்று அவரிடமே கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு கயிற்றுக் கட்டுகளை ஏற்றப் போய்விட்டார்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உனக்குப் பின்னால் யாராவது சிரிக்கிறார்கள். இங்கே மழை நன்றாகப் பெய்தது என்று நான் சொல்கிற நேரம் பார்த்து அங்கே ஓர் ஆண்குரல் சிரிக்கிறது. அவர் எதற்குச் சிரித்தார் என்று யோசிப்பதிலேயே நான் சொல்ல வந்தது மறந்துபோகிறது. நீயும் "ம், ம்" என்கிறாய், அதற்குள் உன்னை யாரோ கூப்பிடுகிறார்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இதைச் சாப்பாட்டு பெஞ்சில் வைத்துப் படிக்காதே. தனியாக உட்கார்ந்து படி.

கால்வாய்க்கரை மரங்களில் சாறு ஏறிவிட்டது. பட்டை நன்றாகக் கழன்று வருகிறது. நான் அடியில் கீறி மேலே இழுக்க, நீ எதிரே நின்று விரலைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே வருவாயே, அந்த இடத்தில் இப்போது என் அக்கா நிற்கிறாள். ஏதோ பழைய பகையைத் தீர்த்துக்கொள்கிறவள் மாதிரி இழுக்கிறாள். பட்டை பாதியில் கிழிந்து கையோடு வந்துவிடுகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால், உன் பொண்டாட்டியை அனுப்பும்போது யாரைக் கேட்டு அனுப்பினாய் என்று ஆரம்பிப்பாள். முதலாளியம்மா நம் வாசலில் வந்து நின்று, இந்தப் பாயை நெய்தது யார், எங்கள் பட்டறைப் பெண்களுக்கு ஒரு பருவம் வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டபோது முதலில் தலையாட்டியது நான்தான். அதை அக்காவிடம் சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை.

கயிறு முறுக்கவும் ஆள் சரியில்லை. வால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சக்கரத்தைச் சுற்றுகிறாள். குஷி வந்தால் வேகமாகச் சுற்றுகிறாள், கை வலித்தால் நிறுத்திவிடுகிறாள். மூன்று புரியும் மூன்று விதமாக முறுக்கிக்கொண்டு, கயிறு பார்ப்பதற்குப் எலியை விழுங்கிய பாம்பு மாதிரி அங்கங்கே புடைத்து நிற்கிறது. நான் பின்னால் நடந்துகொண்டே கத்துகிறேன். அம்மா சுற்றினால் நீங்கள் கத்த மாட்டீர்களே என்று கேட்கிறாள். கேள்வி மட்டும் நன்றாகக் கேட்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பட்டறைப் பாயில் கட்டித் தொங்கவிடும் அட்டை ஒன்றை டிரைவர் என்னிடம் காட்டினார். நல்ல கெட்டி அட்டை. ஓரத்தில் பூ எல்லாம் போட்டிருக்கிறது. நடுவில் "வெயில்நார்ப் பாய்" என்று அச்சடித்திருக்கிறது. இது எந்த மரத்து நார் என்று டிரைவரைக் கேட்டேன். "என்னண்ணே, உங்க மூக்குப்பொத்திதான்" என்றார்.

யார் வைத்த பெயர் இது? ஒரு பெயர் என்று வைத்தால் அதற்கு ஒரு நியாயம் வேண்டும். பட்டையைக் குட்டையில் ஊறப்போட்டால் நாறும். நாறினால் தெருவில் போகிறவன் மூக்கைப் பொத்துவான். ஆகவே மூக்குப்பொத்தி. படகுக்காரனும் மாட்டுக்காரனும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கயிறு கேட்கிறான். அறுந்துபோகாத கயிறு என்று அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. வெயில்நார் என்றால் என்ன அர்த்தம்? வெயிலில் காய்வதாலா? அப்படிப் பார்த்தால் நம் கொடியில் தொங்குவது எல்லாம் வெயில்சட்டை, வெயில்பாவாடை. நேற்று வாலிடம் அந்த வெயில்துண்டை எடுத்துக்கொண்டு வா என்றேன். அவள் உருண்டு உருண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சாயமாஸ்டர் வைத்த பெயராகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அட்டைக்கு நிறம் சொன்னவர் அவர் என்று டிரைவர் சொன்னார். நிறம் சொன்னவருக்குப் பெயர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? குட்டையில் முட்டிவரை இறங்கி நின்று ஒரு நாள் அந்த நாற்றத்தை முகர்ந்து பார்க்காத மனுஷன், கழுவிக் காயவைத்து வெள்ளையாக வந்து இறங்கிய நாரைத் தடவிப் பார்த்துப் பெயர் வைப்பாராம். பிள்ளை பெற்றது ஒருத்தி, பெயர் வைக்க வந்தது வழிப்போக்கன்.

உன் போன கடிதத்தில் சாயமாஸ்டர் என்ற வார்த்தை எத்தனை இடத்தில் வருகிறது என்று நான் எண்ணவில்லை. வால் எண்ணினாள். அப்பா என்பதைவிட அதிகமாம். சாயமாஸ்டர் இப்படிச் சொன்னார், சாயமாஸ்டர் ஓரத்தை இப்படி மடிக்கச் சொன்னார், சாயமாஸ்டருக்கு நான் செய்த குழம்பு பிடித்தது. அவருக்கு வீட்டில் சமைக்க ஆள் இல்லையா? கல்யாணம் ஆனவரா? என்ன வயது இருக்கும்? சும்மா கேட்கிறேன். எழுத மறந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நார் கிழிக்காதே, கண்ணுக்கு ஆகாது. எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும், நீ கொஞ்சம் சீக்கிரமாக வர வேண்டும்.

இப்படிக்கு,
எந்தப் பொறாமையும் இல்லாத,
உன் கணவன்

* * *

மனைவிக்கு,

அன்பு என்ற சொல் மேலே இல்லாததைக் கவனித்திருப்பாய். கைமறதியாக விட்டது இல்லை.

உன் பதில் வந்தது. சாயமாஸ்டருக்குக் கல்யாணம் ஆகி, மனைவி இறந்து வெகு காலம் ஆகிறது என்றும், வயதைக் கேட்டுக்கொள்ளவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். மனைவி இறந்ததைக் கேட்கத் தோன்றிய உனக்கு வயதைக் கேட்கத் தோன்றவில்லை. போகட்டும். பெயரைப் பற்றி நான் அவ்வளவு கேட்டிருந்தேன், அதற்கு ஒரு வரி பதில் இல்லை.

பதிலுக்குப் பதிலாக ஒரு பெரிய செய்தி எழுதியிருக்கிறாய். அடுத்த மழைவரை அங்கேயே இருந்து பாய்க்கூடம் முழுவதையும் நீயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளியம்மா கேட்கிறாராம். தனி அறை, உள்ளேயே குழாய். ஒரு பெரிய கூடத்துக்குச் சுவரிலிருந்து சுவர்வரை ஒரே பாய் வேண்டும் என்று வேலை வந்திருக்கிறதாம். அதற்கு நம் கரை மரத்தின் உள்பட்டை வெள்ளை நார்தான் வேண்டுமாம், இந்தத் தடவை நான் உரித்ததை எல்லாம் அனுப்ப வேண்டுமாம். கடைசியில், "நீங்க இருன்னா இருக்கேன், வான்னா வந்துடறேன்" என்று முடித்திருக்கிறாய். நல்ல பிள்ளைக்கு அழகு. முடிச்சை என் கையில் கொடுத்துவிட்டு நீ கையைத் துடைத்துக்கொண்டாய்.

இங்கே நடந்ததைக் கேள். டிரைவர் போன தடவை வந்தபோது டீ வாங்கிக் கொடுத்து, அந்தச் சாயமாஸ்டர் ஆள் எப்படி என்று விசாரித்தேன். ரொம்ப மெதுவாகப் பேசுவாராம். யாரையும் அதட்ட மாட்டாராம். முழங்கைவரை நீலமாக இருக்குமாம். வேலை செய்துகொண்டே பாடுவாராம், அவர் பாட ஆரம்பித்தால் பாய்க்கூடத்துப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்களாம். நானும் பாடுவேன் என்று டிரைவரிடம் சொன்னேன். "நீங்களா அண்ணே?" என்றார். இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்திருக்கக்கூடாது.

அந்த நீலம் என் மண்டையில் ஏறிவிட்டது. கயிற்றுக்கும் நிறம் போட்டால் என்ன என்று தோன்றியது. அவர் ஒருவர்தான் சாயம் போடப் பிறந்தாரா? துணிக்குப் போடும் நீலத்தை வாங்கி வந்து அண்டாவில் கரைத்து ஒரு கட்டுக் கயிற்றை முக்கி எடுத்தேன். காய்ந்ததும் நன்றாகத்தான் இருந்தது. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறதே, கிணற்றுக்கு ஒன்று கொடு என்று வாங்கிப் போனார். மறுநாள் காலையில் அவர் கடையில் ஒரே கூட்டம். கயிறு இறங்கி ஏறி இறங்கி ஏறிக் கிணறே நீலமாகியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் போட்ட டீ, பச்சை என்றும் சொல்ல முடியாது கறுப்பு என்றும் சொல்ல முடியாது. குடித்தவர்கள் எல்லாம் ஒருவர் நாக்கை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டீக்கடைக்காரர் கயிற்றைச் சுருட்டி என் வாசலில் எறிந்துவிட்டு, கிணற்றை இறைத்துக் கொடுத்தால்தான் இனி முகத்தில் விழிப்பேன் என்று போய்விட்டார். இறைத்தேன். அக்கா அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கையில் இன்னும் நீலம் போகவில்லை. அவருக்கு முழங்கைவரை என்றால் எனக்குத் தோள்வரை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. குட்டையில் போட்டிருந்த பட்டை பதம் வந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். நீ இருந்தால் காலால் ஒரு மிதி மிதித்து, வழுக்கல் எப்படி இருக்கிறது என்று பார்த்து, இன்றைக்கு எடுக்கலாம் என்பாய். நான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு வண்டி வருகிற நாள். உன் கடிதம் வரும், இன்னும் நாலு விஷயம் டிரைவரிடம் கேட்கலாம் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் போய் உட்கார்ந்தேன். வண்டி வழியில் நின்றுபோய் மறுநாள்தான் வந்தது. நானும் மறுநாள்வரை வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்தேனே தவிர குட்டைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த இரண்டு நாளும் நல்ல வெயில் வேறு. போய்க் கல்லை எடுத்துக் கட்டைத் தூக்கினால், கைக்குக் கட்டு வரவில்லை, கூழ் வந்தது. ஏடு ஏடாகப் பிரிய வேண்டிய பட்டை சேற்றோடு சேறாகக் கரைந்து விரல் இடுக்கில் ஒழுகிற்று. உன் கூடத்துப் பாய்க்கு ஆகியிருக்க வேண்டிய நார் முழுக்க அதில்தான் இருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இதற்கும் உன் சாயமாஸ்டர்தான் காரணம் என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

நார் இல்லை. இருந்தாலும் அனுப்புவதாக இல்லை. என்னிடம் இருப்பது மூக்குப்பொத்தி. வெயில்நார் வேண்டுமானால் பெயர் வைத்தவரிடம் கேள், அவர் வீட்டுக் கொல்லையில் காய்த்துத் தொங்கும்.

நீ கேட்டதற்குப் பதில்: வந்துவிடு. வாலுக்குத் தலை வாரிவிட ஆள் இல்லை. அக்கா வாரினால் அழுகிறாள், நான் வாரினால் பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள். எனக்கு எதிரே நின்று பட்டை பிடிக்க ஆள் இல்லை. பாய்க்கூடத்துக்கு வேறு யாராவது கிடைப்பார்கள். முதலாளியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். எனக்கும்.

இப்படிக்கு,
வாலின் அப்பா

* * *

அன்பு மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்வதா, சீட்டு என்று சொல்வதா தெரியவில்லை. வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பெண்களுக்குப் பாதி சொல்லித் தந்ததை முடித்துக் கொடுத்துவிட்டு வருவதாக எழுதியிருக்கிறாய். கோபம் இல்லை, கேள்வி இல்லை. நீ சண்டை போட்டிருந்தால் நான் தெம்பாகப் பதில் எழுதியிருப்பேன்.

அதற்குக் கீழே அந்த இரண்டு வரி. "வெயில்நார்னு பேர் வச்சது சாயமாஸ்டர் இல்ல, நான்தான். உங்கள யாரும் மூக்குப்பொத்தின்னு கூப்பிட்டதில்ல, என்னத்தான் கூப்பிட்டாங்க."

முதலில் எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. அவர் வைத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அவர் அயலார், தெரியாமல் வைத்தார் என்று விட்டிருப்பேன். கூடவே குட்டையில் நின்றவள் எப்படி அந்தப் பெயரை உதறிவிட்டுப் போகலாம் என்று இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் படித்துக் காட்டினேன், அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்து.

அக்கா என்னை இப்போதுதான் ஊருக்குள் வந்து இறங்கியவனைப் போலப் பார்த்தாள். உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். தண்ணீர்க் குழாயில் நீ குடத்தோடு வருவதைப் பார்த்தால், "மூக்குப்பொத்தி வருது, நகருங்க" என்று சொல்லிக்கொண்டு ஒதுங்குவார்களாம். கல்யாண வீடுகளில் நீ ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவது பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுந்து போவதைப் பார்க்க வேண்டாம் என்றுதானாம். வால் கைக்குழந்தையாக இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி உன்னிடமிருந்து அவளை வாங்கி முதலில் குளிப்பாட்டிவிட்டுத்தான் கொஞ்சுவாளாம். அதே தெரு, அதே குட்டை, அதே நாற்றம். நான் போனால் என்னப்பா கயிறு எப்படி ஓடுகிறது என்று கேட்பார்கள். நான் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கும்போது நீயும் சிரிப்பாய். அது நம் இரண்டு பேருக்கும் பொதுவான வேடிக்கை என்று இருந்துவிட்டேன். நீ சிரித்தது எனக்காக என்று இப்போது தெரிகிறது. முன்னாலேயே என் மேல் எரிந்து விழுந்திருக்கலாம்.

அந்த வண்டியிலேயே முதலாளியம்மா அனுப்பிய பாயும் வந்தது. வீட்டுக்காரரும் பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்டாராம். நான் அதை நம் கயிற்றுப் பட்டறைத் தரையில் விரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், குறை கண்டுபிடிக்கத்தான் விரித்தேன். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஓரத்தை இழுத்துப் பார்த்தேன். முழங்கால் போட்டு மூலை மூலையாகத் தடவினேன். ஒரு முடிச்சு தட்டுப்படவில்லை. நார் மாறுகிற இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. எத்தனை வருஷமாக அந்த மரத்தோடு கிடக்கிறேன், அந்தப் பட்டைக்குள் இவ்வளவு மெல்லிய ஏடு இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை.

சாயம் எங்கே என்று டிரைவரைக் கேட்டேன். ஒரு கரையில் நீலக் கோடு ஒன்றுதான் ஓடியிருந்தது. மற்றதற்கெல்லாம் சாயம் போட மாட்டேன் என்று சாயமாஸ்டர் சொல்லிவிட்டாராம். "இந்த நாருக்கு எதுக்குங்க சாயம், இதுவே நல்லாத்தான இருக்கு" என்றாராம். எனக்கு ஒரே எரிச்சல். நான் அங்கே இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன், அதை அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அந்த ஆள் மேல் ஒரு குறையும் சொல்ல வழி இல்லாமல் போனது எனக்குப் பெரிய கஷ்டம்.

ஆகவே கேள். அவர் மேல் இருந்த பொறாமை சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கால்வாசி இருக்கிறது, பாடுகிற விஷயத்தில். மிச்சம் எல்லாம் உன் பக்கம் திரும்பிவிட்டது. இது அதைவிட மோசமாக இருக்கிறது. அவரையாவது உட்கார்ந்து திட்டலாம். வால் அந்தப் பாயின் ஓரத்தில் காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்காருகிறாள், நடுவில் மிதிக்க மாட்டேன் என்கிறாள். அக்கா வந்து பார்த்தாள். ஊரே கேட்கப் பேசுகிறவள், அந்தப் பாய்ப் பக்கத்தில் குரலைத் தாழ்த்திப் பேசினாள். நானும் அதே மரத்தில்தான் கயிறு திரிக்கிறேன். நல்ல கயிறு, ஒரு நாளும் அறுந்தது இல்லை. ஆனால் என் கயிற்றைப் பார்த்து யாரும் குரலைத் தாழ்த்தினதில்லை. மாடு மென்று பார்க்கும், அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதையெல்லாம் கட்டிய மனைவிக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாமல் வைத்துக்கொண்டாலும் வயிற்றெரிச்சல் குறையவில்லை.

வர வேண்டாம்.

இதை எழுதுவதற்குள் நிறையத் தாள் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன் இஷ்டம் என்று எழுதினேன், அது என் இஷ்டம் இல்லை என்பது தெரிகிற மாதிரியே இருந்தது. இன்னொன்றில் உத்தரவு போடுவதுபோல் இருந்தது. ஆகவே நேராகச் சொல்கிறேன். அடுத்த மழைவரை இரு. பாய்க்கூடத்தைப் பார்த்துக்கொள். முதலாளியம்மாவிடம் போய், வீட்டில் சரி என்று சொல்லிவிட்டார்கள், முன்னால் வேண்டாம் என்றது வேறு ஏதோ கோபத்தில் என்று சொல். என்ன கோபம் என்று விவரம் வேண்டாம்.

நாருக்கும் வழி பண்ணியிருக்கிறேன். கால்வாய் வளைவுக்கு அப்பால் இருக்கிற இளம் மரங்களில் போய்ப் பார்த்தேன். சாறு வற்றிப் பட்டை ஒட்ட ஆரம்பித்துவிட்டது. நான், அக்கா, வால் மூன்று பேரும் விரல் நுனி எல்லாம் கன்றிப்போகும் அளவுக்கு உரித்தோம். அக்கா இந்தத் தடவை இழுக்காமல், நீ சொல்லிக் கொடுக்கிறபடி தள்ளினாள். உன் பாயைப் பார்த்ததிலிருந்து அவளுக்குப் பட்டை மேல் ஒரு மரியாதை வந்திருக்கிறது. ஊறப்போட்ட நாளிலிருந்து நான் குட்டையை விட்டு நகரவில்லை. மிதித்துப் பார்த்தேன், புரியவில்லை. வாலை மிதிக்கச் சொன்னேன். அவள் உன்னோடு எத்தனை தடவை குட்டையில் இறங்கியிருக்கிறாள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும் என்றாள். ஒரு நாள் விட்டு எடுத்தோம். ஏடு ஏடாக வந்தது. உள்பட்டை முழுவதும், நீளம் குறையாமல், உனக்கு. வெளிப்பட்டை எனக்குப் போதும், கயிறு அதிலும் வரும்.

வாலிடம் அம்மா இப்போதைக்கு வர மாட்டாள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, நாம் போகலாமே என்றாள். இவ்வளவு நாளும் இது எனக்குத் தோன்றவில்லை பார்.

இந்தக் கடிதம் இந்த வண்டியில் வருகிறது. நார் அடுத்த வண்டியில் வரும், நாரோடு நாங்களும். வாலுக்கு அப்போது பள்ளிக்கூடம் லீவு, அவளை உன்னோடு சில நாள் வைத்துக்கொள். நான் ஒரு ராத்திரிதான் தங்குவேன், சரக்கு அறையில் படுத்துக்கொள்வேன், யாருக்கும் தொந்தரவு வேண்டாம். சாயமாஸ்டரிடம் நீலத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். அது தொழில் விஷயம். சண்டை எதுவும் பிடிக்க மாட்டேன். நீ பயப்படாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் பட்டறையில் என்னை "நார் அனுப்புறவர்" என்றுதான் தெரியும் என்று டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னார். அதில் தப்பு இல்லை, நார் அனுப்புகிறவன்தான். ஆனால் நான் வண்டியிலிருந்து இறங்கும்போது, கை எவ்வளவு வேலையாக இருந்தாலும், நீ வாசல்வரை வந்துவிடு. யாராவது இவர் யார் என்று கேட்டால், எங்க வீட்டுக்காரர் என்று சொல். யாரும் கேட்காவிட்டாலும் சொல்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன்,
வீட்டுக்காரன்